வாசனைப் பாலும் அப்பாவின் மூக்கும்

என் மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். சனிக்கிழமை ஜோகூர் பாலம் தாண்டி மாசாயிலுள்ள என் வீட்டுக்கு வந்தாளென்றால், கைப்பையைப் போட்ட கையோடு பிளெண்டரை எடுத்துக் கழுவுவாள். பாதாம் பருப்பு, பேரீச்சம்பழம், வனிலா, ஏதேதோ கொட்டையின் எசென்ஸ் எல்லாம் போட்டு அரைத்து, வடிகட்டி, கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி, பேர் எழுதி ஒட்டி ஐஸ்பெட்டியில் அடுக்குவாள். கோப்பியில் கலக்கும் கிரீமராம். "ஹோம்மேட்மா, கெமிக்கல் ஒண்ணுமே இல்ல" என்று எனக்குப் பாடம் எடுப்பாள். நானும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி தலையாட்டி வைப்பேன். பத்து வயதில், பிளெண்டர் இல்லாத வீட்டில், ஒரே பள்ளி விடுமுறையில் ஒன்பது வகைக் கிரீமர் குடித்துத் தீர்த்தவள் நான்.

அப்போது அதற்குக் கிரீமர் என்று பேரில்லை. எங்கள் வீட்டில் அதை 'வாசனைப் பால்' என்போம்.

நம் வயதுக்காரர்களுக்குப் பால் டின்னைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் டின்பாலில் வளர்ந்தவர்கள்தானே. மூடியில் ஆணியடித்து எதிரும் புதிருமாக இரண்டு ஓட்டை. ஒன்று பால் வர, ஒன்று காற்று போக. எறும்பு ஏறாமல் இருக்க, தண்ணீர் ஊற்றிய தட்டில் டின்னை நிறுத்தி வைப்போம். பெரியவர்கள் அந்தப் பக்கம் போனதும் அந்த ஓட்டையில் வாயை வைத்து உறிஞ்சாதவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். காலி டின்னுக்கும் ஓய்வு கிடையாது. கழுவி, கயிறு கட்டி, கோப்பிக் கடையில் கொண்டுபோய் நீட்டினால் அதில்தான் கோப்பி ஊற்றிக் கொடுப்பார்கள்.

அப்பா பாசீர் கூடாங்கில் ஒரு செம்பனை எண்ணெய்த் தொழிற்சாலையில் இருந்தார். எண்ணெயை மோந்து பார்ப்பது அவருடைய வேலை. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படி ஒரு வேலை இருந்தது. சின்னக் கண்ணாடிக் குவளையில் வெதுவெதுப்பாக எண்ணெய் வரும். மூக்கருகில் கொண்டுபோய் ஓர் இழுப்பு, நாக்கில் ஒரு சொட்டு, துப்பிவிட்டு வாய் கொப்பளித்து, தாளில் மார்க் போட வேண்டும். அவர் மார்க் போட்டால்தான் எண்ணெய் டாங்கியிலிருந்து கப்பலுக்குப் போகும்.

பாலோ ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, டிரம் உருட்டுகிற ஆளாக அந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்தவர் அவர். ஒருநாள் டிரம்மைப் பாதியில் நிறுத்தி, "இது காறல் வாடை அடிக்குது" என்று சொல்லியிருக்கிறார். யாரும் நம்பவில்லை. ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. இப்படி மூன்று தடவை நடந்ததும், ஆய்வுக்கூடத்துப் பெரியவர் கூப்பிட்டு ஒரு வெள்ளைக் கோட்டைக் கொடுத்துவிட்டார். எங்கள் சொந்தத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட முதல் ஆள் அப்பா. அம்மா அதற்குத் தனியாகக் கஞ்சி போடுவாள். காயப்போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் என் பாவாடையைக்கூடக் காயப்போட விடமாட்டாள், சாயம் ஒட்டிவிடுமாம்.

அந்த மூக்கு வீட்டுக்கும் உழைத்தது. அம்மா சமையலில் கடிகாரம் பார்த்ததே கிடையாது. குழம்பை ஏற்றிவிட்டுப் பின்பக்கம் துணி காயப்போடப் போய்விடுவாள். ஹாலில் பத்திரிகை படித்துக்கொண்டே அப்பா குரல் கொடுப்பார். "பருப்பு அடி பிடிக்கப் போவுது." "கருவேப்பில கருகுது." சாப்பிட உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு, இன்றைக்கு என்ன போட்டிருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். அம்மாவுக்குப் பாராட்டு என்றால் அதுதான். "நல்லா இருக்கு" என்று அப்பா சொல்லமாட்டார். "வெந்தயம் இன்னிக்கு நாலு கூட" என்பார். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பாகிவிடும்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்த வாரத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாளில் எழுந்து வேலைக்குப் போய்விட்டார். ஒருநாள் மாலை, வீட்டுக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் குந்திக்கொண்டு, தைலப் புட்டியைத் திறந்து மூக்குக்குள் நுழைத்துவிடுகிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

"இது என்ன வாசம், சொல்லு பாப்போம்" என்று என்னிடம் நீட்டினார்.

"தைலம்தானேப்பா. கண்ணெல்லாம் எரியுது."

"எனக்கும் கண்ணு எரியுது" என்றார். "வாசம் மட்டும் வரல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. புட்டியை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் தோளைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"ரெண்டு வாரத்துல வந்துரும். அது வரைக்கும் அம்மாகிட்ட சொல்லாத. அம்மாவுக்குத் தெரிஞ்சா அத்தைக்குத் தெரியும். அத்தைக்குத் தெரிஞ்சா மாமாவுக்குத் தெரியும். அப்புறம் ஃபேக்டரி பூரா தெரிஞ்சுரும். மூக்கு இல்லன்னா அப்பாவுக்கு அந்த வேலை இல்ல, புரியுதா?"

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எங்கள் வரிசையிலேயே மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தார். மாமா அதே தொழிற்சாலையின் பஸ் ஓட்டுநர். அம்மாவும் அத்தையும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வருவார்கள். அப்பாவின் கணக்கு அப்போது எனக்குச் சரியாகத்தான் பட்டது. அது மட்டுமில்லை, அப்பா என்னிடம் மட்டும் சொன்ன ரகசியம் என்று தலை கனத்துப்போய்த் திரிந்தேன்.

இரண்டு வாரம் போயிற்று. மூக்கு வரவில்லை. மழை வந்தது, பள்ளி விடுமுறையும் வந்தது. வேலையிடத்தில் அப்பாவோடு சேர்ந்து ருசி பார்க்கிற ஒரு மலாய்க்கார அக்கா இருந்தார். அவர் முதலில் மார்க் போடட்டும் என்று காத்திருந்து, அதையொட்டியே அப்பாவும் போட்டு நாளைத் தள்ளினார். வீட்டில் அந்த வசதி இல்லை. கோப்பியை அம்மா மேசையில் வைப்பாள். அப்பா பாதி குடித்துவிட்டு எழுந்துவிடுவார். வாசமில்லாமல் குடித்தால் கோப்பி வெறும் கசப்பான சுடுதண்ணீர்தானே. அது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது.

ஒருநாள், இருநாள் என்றால் விட்டிருப்பாள். ஒரு மாதமாகப் பாதிக் கோப்பை மீந்தால்? அத்தையிடம் சொல்லிப் புலம்பினாள். அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"ஆம்பள வீட்டுக் கோப்பிய பாதியில வெக்கிறான்னா, வெளிய நல்ல கோப்பி கெடைக்குதுன்னு அர்த்தம் லா."

"அலமாக், என்னாங்க அண்ணி இப்படிச் சொல்றீங்க?"

"எங்க வீட்டுல வேற மாதிரியா? பஸ் டெப்போ பக்கத்துல ஒருத்தி கடை போட்டா. மூணு மாசம் இந்த மனுஷன் வீட்டுல கோப்பியே கேக்கல."

அம்மா எழுந்து தைக்கப் போய்விட்டாள். தையல் மிஷினை மிதித்த வேகத்தில்தான் கோபம் தெரிந்தது. அம்மா வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். ஜோகூர் பாருவில் ஓர் இன்ஜினியர் வீட்டு அம்மாவுக்குத் தைத்ததைக் கொடுக்கப் போனபோது, அங்கே ஒரு கோப்பி கொடுத்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஜாடி, அதற்குள் வாசனைப் பால்மாவு, கோப்பியில் ஒரு கரண்டி போட்டால் வீடே மணக்கிறது. வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னிடம் அதே பேச்சு. "நாக்குல வெச்ச ஒடனே வனிலா வாசம்டீ. அந்த மாதிரி நம்ம வீட்டுல கெடைச்சா, எந்தக் கடைக்காரி வந்து கூப்பிட்டாலும் மனுஷன் போமாட்டாரு."

ஜாடி வாங்குகிற வீடு இல்லை எங்களுடையது. ஆகவே அம்மா செய்ய ஆரம்பித்தாள்.

சர்க்கரை போட்ட கெட்டிப்பால் ஒரு டின், அதே டின்னில் சர்க்கரையில்லாத தண்ணிப்பால் ஒரு அளவு. அடி கனமான சட்டியில் ஊற்றி, தீயை இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குக் குறைத்து, மரக்கரண்டியால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் தடவை பாண்டான் இலை. வீட்டுக்குப் பின்னால் சாக்கடையோரம் புதராகக் கிடந்ததில் நாலைந்து இலையை அறுத்து, கழுவி, முடிச்சுப் போட்டுப் பாலுக்குள் அமிழ்த்தினாள். பால் ஓரத்தில் மெல்ல முத்து முத்தாகக் கொதித்தது. புதிதாக வடித்த சோற்று வாசமும் மழையில் நனைந்த புல் வாசமும் கலந்து ஒன்று எழும்பிற்று. அதை மெல்லிய துணியில் வடிகட்டி, ஆரஞ்சு கோர்டியல் வந்த கண்ணாடிப் புட்டியில் ஊற்றினாள். அந்தப் புட்டியின் தோளில் திராட்சைக் கொத்து மாதிரி மேடு மேடாக இருக்கும். ஆரஞ்சு ஜூஸுக்கு எதற்குத் திராட்சைக் கொத்து என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆறியபின் ஐஸ்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும்.

மறுநாள் காலை அப்பா முன்னால் கோப்பையை வைத்துவிட்டு, அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். "என்னா போட்டிருக்கேன், சொல்லுங்க."

அப்பா கண்ணை மூடினார். மூக்கைக் கோப்பைக்குக் கொண்டுபோனார். அப்புறம் ஒரு கண்ணை லேசாகத் திறந்து, அம்மாவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் மனதில் இருக்கிறது. கிணற்றுக்குள்ளிருந்து மேலே பார்ப்பவர் பார்வை. நான் வாயை மட்டும் அசைத்தேன், சத்தமில்லாமல்.

"பாண்டான்" என்றார் அப்பா.

அம்மா சிரித்தாள். ஒரு மாதத்தில் முதல் தடவையாக அப்பா கோப்பை முழுவதையும் குடித்தார்.

அதிலிருந்து அது வாடிக்கையாகிவிட்டது. வாயசைப்பது ஆபத்து, அம்மா எந்த நேரத்திலும் திரும்பலாம் என்று நாங்கள் சைகை வைத்துக்கொண்டோம். காதைத் தொட்டால் பாண்டான். சடையை இழுத்தால் பட்டை. மூக்கைச் சொறிந்தால் ஏலக்காய். முழங்கையைத் தடவினால் குலா மலாக்கா, அதாவது தென்னை வெல்லம். அம்மா என்ன செய்கிறாள் என்று முதல்நாளே அடுப்படியில் நின்று தெரிந்துவைத்துக்கொள்வது என் வேலை. அவள் கரண்டியால் என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, "எப்டி இருக்கு?" என்று கேட்பாள். நான் நக்கிப் பார்த்து அபிப்பிராயம் சொல்வேன். அவளுடைய கையாளும் நான்தான், அப்பாவின் உளவாளியும் நான்தான். இரண்டு பக்கமும் சம்பளம் பாலில் வந்தது.

ஒருதடவை ரோஸ் சிராப் ஊற்றிவிட்டாள். கோப்பி செங்கல் நிறத்துக்கு வந்தது. அதற்குச் சைகையே தேவைப்படவில்லை. அப்பா நிறத்தைப் பார்த்தே "ரோஜா" என்றார். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "கோயில்ல தீர்த்தத்துல யாரோ கோப்பித் தூள் கொட்டிட்டாங்க" என்று சொல்லிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். அம்மாவுக்கு ரோஷம். அடுத்த இரண்டு நாளும் அந்தச் சிராப் கோப்பியை அவளும் நானும்தான் குடித்துத் தீர்த்தோம்.

இப்படியே போயிருக்கும், டுரியான் வராமல் இருந்திருந்தால்.

வருஷக் கடைசியில் எங்கள் பக்கம் டுரியான் பழம் ஒரு சுற்று விழும், வாடை தெருமுனைவரை வரும், உங்களுக்குத் தெரியும். அத்தை வீட்டுக்கு யாரோ கொண்டுவந்து கொடுத்த பழத்தில் இரண்டு சுளையை அம்மா அங்கேயே மசித்து, அத்தை வீட்டு அடுப்பிலேயே பாலில் கரைத்துக் கொண்டுவந்துவிட்டாள். நான் அன்று மாலை தோழி வீட்டில் ஐந்து கல் ஆடிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை தூங்கி எழுந்து வருவதற்குள் கோப்பி மேசைக்கு வந்துவிட்டது. எனக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்துக் கிடந்தது. முதல்நாள் பாண்டான் இலை அறுத்து வைத்திருந்தாளே என்று நான் காதைத் தொட்டுவிட்டேன்.

அப்பா ஒரு மடக்குக் குடித்து, ரசிப்பதுபோலத் தலையை ஆட்டினார். "பாண்டான். போன தடவையவிட இன்னிக்கு நல்லா எறங்கியிருக்கு."

அம்மா அசையவில்லை. பக்கத்து வீட்டுக் காவலுக்குக் கட்டிப்போட்ட நாய்க்குக்கூட அது டுரியான் என்று தெரிந்திருக்கும். டுரியானை மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு ஒரு மனிதன் பாண்டான் என்கிறான் என்றால், அவன் கேலி செய்கிறான் என்றுதானே எந்தப் பெண்டாட்டியும் நினைப்பாள்?

"என்னைப் பாத்தா உங்களுக்கு வெளாட்டா இருக்கு இல்ல?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "வேற எடத்துல நல்லாக் கெடைக்குதுன்னா அங்கயே போய்க் குடிங்க."

அப்பாவுக்கு அவள் எதைச் சொல்கிறாள் என்றே புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அத்தை சொன்ன தீர்ப்பை நான்தான் கேட்டிருந்தேனே. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அப்பாவிடம், அம்மா எதற்காக இத்தனை பால் காய்ச்சுகிறாள் என்று சொல்லியிருக்கலாம். அம்மாவிடம், அப்பாவுக்கு மூக்கு இல்லை என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் நான். ரகசியம் காப்பாற்றுவதுதான் நல்ல பிள்ளைக்கு அழகு என்று நினைத்துக்கொண்டு, மூக்கைச் சிந்திவிட்டு ரொட்டி சாப்பிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. எல்லாம் என் மூலம்தான். "உங்கப்பாவ சாப்பிட வரச் சொல்லு." "அம்மாகிட்ட பசியில்லன்னு சொல்லு." இரண்டாம் நாள் அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனார். திரும்பும்போது மழைக்காக ஒரு பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கினோம்.

"டுரியானே தெரியல பாத்தியா" என்றார். என்னிடம் பேசுகிற மாதிரி இல்லை. "நாளைக்கு ஒரு டாங்கி எண்ணெ கெட்டுப்போயி வந்தா? கூட மார்க்கு போடுற அந்த அக்கா ஒரு நாள் லீவு போட்டா, நான் என்னாத்த மோந்து பாத்து மார்க்கு போடுவேன்? ஊர் சாப்பிடுற எண்ணெ."

"அப்ப சொல்லிருங்கப்பா."

"சொன்னா கோட்டைக் கழட்டி வாங்கிருவாங்க. உங்கம்மா அதுக்குக் கஞ்சி போடுற அழகைப் பாத்திருக்கியா நீ?"

மழை விட்டதும் அப்பா மோட்டார் சைக்கிளை மிதித்துக் கிளப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மார்கழி மாதம், கோயிலில் விடியற்காலப் பூசை முடிந்து பொங்கல் கொடுப்பார்கள். அம்மா அடுப்பில் பால் வைத்திருந்தாள். கோபம் இருந்தாலும் பால் காய்ச்சுவதை விடவில்லை, பாருங்கள். பட்டையும் குலா மலாக்காவும் போட்டு வற்றவிட்டிருந்தாள். என்னைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்கப்பாகிட்ட சொல்லு. பால் அடுப்புல இருக்கு. வாசம் மாறினா அணைச்சிரச் சொல்லு."

எத்தனையோ வருஷமாக அந்த வீட்டில் நடந்த வழக்கம் அது. கடிகாரம் இல்லை, அப்பாவின் மூக்குதான். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பத்திரிகைக்கு மேலாக என்னைப் பார்த்து, போ என்று தலையசைத்தார். நான் போனேன்.

கோயிலில் கும்பிட்டேனா, பொங்கல் சாப்பிட்டேனா, ஒன்றும் நினைவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்துபோய்ப் பார்த்துக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்த்தும் இருக்கிறார். நாலாவது தடவைக்குள் பத்திரிகையில் ஏதோ பந்தாட்டச் செய்தி அவரை இழுத்துவிட்டது.

எங்கள் வரிசை முனையில் திரும்பும்போதே வந்துவிட்டது அந்த வாடை. பால் தீய்ந்த வாடை. சர்க்கரை எரிந்து, பட்டை கரிந்து, தொண்டையைப் பிடிக்கிற வாடை. நாலு வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து வெளியே நின்றார்கள். அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தார். நாங்களும் ஓடினோம்.

ஹாலில் அப்பா நன்றாக முழித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் அடுப்படிக் கதவிலிருந்து புகை சுருண்டு வந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்க நின்ற அத்தையை நிமிர்ந்து பார்த்து, அப்பா அன்பாகச் சொன்னார்.

"வாக்கா. கோப்பி குடிக்கிறியா?"

நான் கத்திவிட்டேன்.

"அப்பாவுக்கு மூக்கு தெரியாதும்மா! அப்பாவுக்கு ஒரு வாசமும் தெரியாது! தீபாவளியிலேர்ந்து தெரியாது!"

அம்மா ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். சட்டியைத் தூக்கிப் பின்பக்கச் சாக்கடையில் போட்டாள். சட்டி உஸ் என்றது. திரும்பி வந்து அப்பாவுக்கு முன்னால் நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"டுரியான்?" என்றாள்.

"தெரியல" என்றார் அப்பா.

"பாண்டான்?"

அப்பா என்னைக் காட்டினார். "அவதான் சொன்னா."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேலை போய்விடுமே என்று அவள் கேட்கவில்லை. "இவகிட்ட சொல்லத் தெரிஞ்சுது. என்கிட்ட சொல்லத் தோணல" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் தெரிஞ்சுக்கிட்டு, நான் ஒருத்திதான் பைத்தியக்காரி மாதிரி நின்னுக்கிட்டு இருந்திருக்கேன்." அம்மா அழுதாள். அப்பா பத்திரிகையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அவகிட்ட சொன்னா நான் ஊரெல்லாம் சொல்லிருவேன்னுதானேடா பயந்த?" என்றார் அத்தை, புகையில் இருமிக்கொண்டே. "நான் என்னா ரேடியோவா?" சொன்னபடி நடந்தும் காட்டினார். மாமாவுக்குக்கூட அவர் சொல்லவில்லை. அப்பா தானாகச் சொன்ன பிறகுதான் மாமாவுக்கே தெரியும். ஊரிலேயே ஓட்டை வாய் என்று நாங்கள் நினைத்த மனுஷி, வேண்டிய இடத்தில் பூட்டுப் போட்டுக்கொண்டார். அப்பா பாவம், இரண்டு பெண்களையும் தப்பாகவே எடைபோட்டிருந்தார்.

அன்று மாலை அம்மா அப்பாவை அடுப்படிக்குக் கூப்பிட்டு முக்காலியில் உட்காரவைத்தாள். நேரடியாகக் கூப்பிட்டாள், என் மூலமாக இல்லை. "நாக்க நீட்டுங்க" என்று ஒரு மிளகை வைத்தாள்.

"கடிங்க. தெரியுதா?"

"எரியுது."

அடுத்து உப்புக்கல். "உப்பு" என்றார் அப்பா. சுக்குத் தூள் ஒரு சிட்டிகை. "அதுவும் எரியுது. ஆனா வேற மாதிரி, தொண்டையில." குலா மலாக்கா. "இனிப்பு. வேற ஒண்ணும் இல்ல." ஏலக்காய்க்கு உதட்டைப் பிதுக்கினார். அம்மா அதை ஒதுக்கி வைத்தாள்.

மூக்குக்குச் சமைப்பதை விட்டுவிட்டு நாக்குக்குச் சமைக்கத் தொடங்கினாள் அன்றைக்கு. கெட்டிப்பால், தண்ணிப்பால், பொடித்த மிளகு, சுக்கு, குலா மலாக்கா, கடைசியில் கல்லுப்பு ஒரு சிட்டிகை. வாயில் கெட்டியாகத் தெரியட்டும் என்று ஒரு துண்டு வெண்ணெய். கோப்பியில் கலந்து கொடுத்தாள். இந்தத் தடவை அவள் இடுப்பில் கை வைத்து நிற்கவில்லை. முக்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

"தெரியுதா?"

அப்பா இன்னொரு மடக்குக் குடித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது, மிளகோ என்னவோ. "தெரியுது" என்றார்.

நானும் ஒரு வாய் கேட்டு வாங்கிக் குடித்துப் பார்த்தேன். நாக்கு பற்றி எரிந்தது. உடனே ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்தேன். மூக்கு இருக்கிறவர்களுக்கு அது லாயக்கில்லை.

திங்கட்கிழமை அப்பா வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போகவில்லை. அம்மா அதை மடித்து, பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். ஆய்வுக்கூடத்துப் பெரியவரிடம் அப்பாவே போய்ச் சொல்லிவிட்டார். நல்ல மனிதர் அவர். ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்த்தார், மூன்று மாதம் பொறுத்தும் பார்த்தார். மூக்கு வரவில்லை. அப்பாவை லாரி எடை பார்க்கும் இடத்துக்கு மாற்றினார்கள். காக்கிச் சட்டை. அம்மா அதற்கும் கஞ்சி போட்டாள். லாரிக்காரர்கள் அப்பாவைப் பார்த்து, "என்னா அண்ணே, கல்யாணத்துக்கா?" என்று கேட்பார்களாம். அப்பா அதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஓய்வுபெறும்வரை அங்கேதான் இருந்தார். மண்ணெண்ணெய், ரப்பர் எரிகிற வாடை, இப்படி ஒன்றிரண்டு பின்னாளில் திரும்பி வந்தன. பாண்டான் வரவேயில்லை. காலையில் அந்த மிளகுப் பால் கோப்பியைக் கடைசிவரை குடித்தார். திராட்சைக் கொத்துப் புட்டி, வீடு மாறியபோது எங்கேயோ தொலைந்துவிட்டது.

இதை இத்தனை காலம் கழித்து எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தத் தொற்றுக் காலத்தில் நம்மில் பலருக்கு நடந்தது எனக்கும் நடந்தது. பாலம் மூடிக் கிடந்தது, மகள் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் அதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். எனக்குத் தொற்று என்றதும் பின்னறையில் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த வயதில் அம்மாவுக்கு ஒட்டிவிட்டால் என்ன ஆவது? அவள் சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே முக்காலியில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நிற்பாள். நான் எடுத்துக்கொள்வேன்.

மூன்றாம் நாள் காலை கோப்பியை வாயருகே கொண்டுபோனேன். ஒன்றுமில்லை. சோப்பை மோந்தேன், தைலப் புட்டியைத் திறந்து மூக்கில் வைத்தேன். கண் எரிந்தது. அவ்வளவுதான்.

"கோப்பி எப்டிடீ இருக்கு?" என்று வெளியிலிருந்து அம்மா கேட்டாள்.

நல்லா இருக்கும்மா என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். இரண்டு வாரத்தில் வந்துவிடும், எதற்கு வயதானவளைப் பயமுறுத்த வேண்டும் என்றுதான் முதலில் தோன்றிற்று. அது யார் பேச்சு என்று அப்புறம்தான் உறைத்தது. கதவின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

"அம்மா, எனக்கு வாசம் தெரியல."

அவளுடைய செருப்புச் சத்தம் அடுப்படிக்குப் போனது. இடிகல்லில் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. மெதுவாகத் தட்டினாள். அரைமணி நேரம் கழித்து முக்காலியில் ஃபிளாஸ்க்கை வைக்கிற ஓசை.

"எப்ப போச்சு?" என்றாள்.

"இன்னிக்குக் காலையிலதாம்மா. இப்பதான்."

"இப்பதானா?"

"ஆமாம்மா. ஒடனே உங்ககிட்டதான் சொல்றேன். வேற யாருக்கும் தெரியாது."

வெளியே அம்மா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் ஃபிளாஸ்க்கை உள்ளே எடுத்து மூடியில் ஊற்றிக் குடித்தேன். பத்து வயதில் ஓடிப்போய்த் துப்பிய அதே பால். முதலில் இனிப்பு வந்தது, அதற்கடியில் உப்பு, அப்புறம் நாக்கின் ஓரங்களில் மிளகு, தொண்டையில் சுக்கு. காலையிலிருந்து ஒன்றுமே தெரியாத வாய்க்கு முதல் தடவையாக ஏதோ ஒன்று தெரிந்தது. அப்பா அன்றைக்கு முக்காலியில் உட்கார்ந்து குடித்தது இதைத்தான்.

"தெரியுதா?" என்றாள் அம்மா, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று.

"தெரியுதும்மா" என்றேன்.